கன்னியர் மடத்துக்கும் கள்ளச் சபைக்கும் இடையே எல்லை எது?

கேள்வி:

எங்கட தங்கச்சிக்கு 24 வயது. இலங்கைத்துறையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவ. போன வருசம் திருகோணமலை ரவுனில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினா. எட்டு மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டு அந்தப் பாஸ்டரின் ஊழிய வீட்டுக்கே போய்விட்டா. அங்கே இருபது பேரளவில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, விடிய நாலு மணிக்கே எழும்பி ஜெபம் பண்ணுகிறார்கள். போனைக் கொடுத்துவிட்டாவாம். கிழமைக்கு ஒருக்காத்தான் கதைக்கலாம், அதுவும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். சின்ன வயதிலிருந்து வலிப்புக்கு மருந்து எடுக்கிறவ, இப்ப விசுவாசத்தால் சுகமாகிவிட்டது என்கிறா. அம்மாவின் சீதனக் காணியில் தன் பங்கை எழுதித் தரச் சொல்லியும் கேட்கிறா.

கோயிலில் எல்லாரும் அது கள்ளச் சபை என்கிறார்கள். தம்பி, நாலு பேரோடு போய்த் தூக்கிக்கொண்டு வரவேணும் என்று நிற்கிறான். ஆனால் அம்மம்மா கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "பெரியம்மாட மகள் கன்னியாஸ்திரியாப் போனதைச் சந்தோசமாத்தானே கொண்டாடினீங்கள். அவளும் வீட்டை விட்டுத்தான் போனாள். சம்பளம் கையில எடுக்கிறதில்லை. மதர் சொன்ன ஊருக்குத்தான் போறாள். இவள் செய்தா மட்டும் என்ன பிழை?" என்கிறா. உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இலங்கைத்துறை

பதில்:

சகோதரி, உங்கள் அம்மம்மா கேட்டதுதான் இந்த விடயத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு முன், காத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. சில வாரம் வலிப்பு வராமல் இருந்தால் சுகமாகிவிட்டது என்றே தோன்றும். பிறகு விடாமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அடுத்த முறை கதைக்கும்போது பாஸ்டரைப் பற்றியோ சபையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் எடுக்காமல் மருந்தைப் பற்றி மட்டும் கதையுங்கள். சுகம் கிடைத்தது உண்மையென்றால் கிளினிக்கில் காட்டி, வைத்தியர் சொல்லுகிறபடி அளவைக் குறைக்கலாமே என்று கேளுங்கள். விசுவாசத்தைப் புண்படுத்தாத வழி இது. அந்த வீட்டார் அதற்கு என்ன சொல்லுகிறார்கள் என்பதிலிருந்தே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இனி அம்மம்மாவின் கேள்வி. வெளியில் தெரிவதை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை என்று அவர் சொல்வது சரி. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் செபமாலைதாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், இரவிலும் விடியலிலும் செபம், தோட்ட வேலை, கையில் காசு இல்லாத வாழ்க்கை என்பதே அங்கு சேர்ந்த இளைஞர்களின் நாள். யுத்தம் அந்த மண்ணிலிருந்து அவர்களைப் பெயர்த்தது, ஆனாலும் சபை அழியவில்லை. அவர்கள் தயாரித்த நெல்லிரசத்தை வடக்கில் அறியாத வீடு குறைவு. அந்த மடத்தை யாரும் கள்ளச் சபை என்று சொன்னதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1920களில் இதே இலங்கையில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தொடங்கியது. கேரளத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து கிறிஸ்தவரான பாஸ்டர் பால் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். இன்று அதன் தலைமையகம் சென்னையில், தாம்பரத்துக்கு அருகே இரும்புலியூரில் இருக்கிறது. அதன் முழுநேர ஊழியர்கள் வெள்ளை உடுத்து, மணமின்றி, சொத்தைத் துறந்து, சம்பளமில்லாமல் விசுவாச வீடுகளில் கூடி வாழ்கிறார்கள். மருந்தைத் தவிர்ப்பதும் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கில் உண்டு. ஆதிச் சபையின் வாழ்க்கை இதுதான் என்பார் சிலர், இது மிதமிஞ்சியது என்பார் சிலர். நூறு ஆண்டுகளாக வெளிப்படையாக நடந்துவரும் இந்தச் சபையின் ஊழியரையும் தோலகட்டித் துறவியையும் அருகருகே நிறுத்தினால் வாழ்க்கைமுறையில் ஒற்றுமைகளே கூடுதலாகத் தெரியும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திருத்தூதர் பணிகள் நூல், முதல் கிறிஸ்தவர்கள் காணியையும் வீட்டையும் விற்று எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள் என்கிறது. அதே நூலில் அனனியா, சப்பிரா தம்பதியின் கதையும் வருகிறது. பலர் அதைக் காணிக்கையைக் குறைத்தவர்களுக்குக் கிடைத்த தண்டனை என்றே பிரசங்கிப்பார்கள். ஆனால் அங்கே பேதுரு நினைவூட்டுவது, விற்குமுன் நிலம் அவனுடையது, விற்ற பின்னும் அந்தப் பணம் அவனுடைய அதிகாரத்தில்தான் இருந்தது என்பதை. கொடுக்கும்படி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பொய் சொன்னதே குற்றம், கொடாமல் விட்டதல்ல. அந்தக் கதையைச் சொல்லிக் காணி கேட்கிறவர்கள் இந்தப் பகுதியை வாசிப்பதேயில்லை.

ஆகவே கடுமையான வாழ்க்கை அளவுகோல் ஆகாது. சபை சிறியது, நேற்றுத் தொடங்கியது, கைதட்டிப் பாடுகிறது, அந்நிய பாஷை பேசுகிறது என்பவையும் ஆகா. பெரிய சபைகள் சிறிய சபைகளை ஏளனமாகப் பேசுவது பழைய வழக்கம். 1814இல் காலியில் வந்திறங்கிப் பின்னர் நம் தீவெங்கும் பள்ளிக்கூடம் கட்டிய மெதடிஸ்தர்களைச் சில தலைமுறைகளுக்கு முன் இங்கிலாந்தில் வெறிபிடித்தவர்கள் என்றே திட்டினார்கள். 1857இல் திருநெல்வேலி நாசரேத்தில் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முரண்பட்டு, அவர்களுடைய காசும் அதிகாரமும் இல்லாத சொந்தச் சபையை நிறுவினார். சனிக்கிழமையே ஓய்வுநாள் என்றார். மிஷனரிகளின் பார்வையில் அது வழிதவறிய கூட்டம். இன்றைய ஆய்வாளர்கள் அதை மண்ணின் மக்களே தங்களுக்காக எழுப்பிய சபை என்கிறார்கள். திருப்பத்தூரில் 1921இல் யேசுதாசன், பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, கதர் உடுத்து, மணம் முடிக்காமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தபோது சந்தேகப்பட்டது அரசாங்கம். ஸ்கொத்லாந்துக்காரரான பேட்டன் 1932இல் சென்னையில் பொலிசாரிடம் அடியும் வாங்கினார். ஊருக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன் மட்டுமே.

உபதேசம் பிழையாக இருப்பதும் குழு ஆபத்தாக இருப்பதும் வேறுவேறு விடயங்கள். உங்கள் பங்குத்தந்தை அந்தச் சபையின் போதனை கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஒத்துவராது என்று சொல்லலாம். அது அவருடைய கடமை. ஆனால் பிழையான போதனையோடு நேர்மையாக நடக்கிற சபை உண்டு. சரியான விசுவாச அறிக்கையோடு மனிதரை நசுக்குகிற சபையும் உண்டு. இரண்டாவதற்கு வெளியே தேடிப் போகத் தேவையில்லை. 1941இல் மெக்சிக்கோவில் மார்சியல் மாசியேல் என்பவர் தொடங்கிய கிறிஸ்துவின் படையணி என்ற துறவற சபை வத்திக்கானின் அங்கீகாரத்தோடு வளர்ந்தது. மேலதிகாரியைக் குறைகூற மாட்டேன் என்று அதன் உறுப்பினர்கள் தனியாக ஒரு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஸ்தாபகர் பல ஆண்டுகள் சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்துவந்ததை மூடிமறைக்க அந்த மௌனம் பெரிதும் உதவியது. 2006இல் பாப்பரசர் அவரைப் பொதுப்பணியிலிருந்து விலக்கினார், அடுத்த ஆண்டு அந்த வார்த்தைப்பாட்டையும் ஒழித்தார். அங்கீகாரக் கடிதம் சுவரில் தொங்குவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியென்றால் எல்லை எங்கே? நான் மூன்று இடங்களில் பார்ப்பேன். ஒருவர் எப்படி உள்ளே வருகிறார், எப்படி வெளியே போகிறார், தலைவருக்கு மேல் யார் இருக்கிறார்.

முதலில் உள்ளே வருவது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர், அதாவது பெனடிக்ட், தம் துறவிகளுக்கு ஒரு ஒழுங்கு எழுதினார். 1845 முதல் இலங்கையில் வாழும் கண்டி பெனடிக்டைன் துறவிகளும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதில் புதிதாக வருகிறவரை எளிதில் சேர்க்காதே என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. சில நாள் வாசலிலேயே காத்திருக்க வைக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் ஒழுங்கு முழுவதையும் அவருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும், முடியாது என்று தோன்றினால் தாராளமாகப் போகலாம் என்று சொல்லவேண்டும். ஆள் பிடிக்கிற அவசரம் அதில் எங்கும் இல்லை. துறவறம் கடினமானது என்று தெரிந்தவர்கள், விரும்பி வருகிறவரைக்கூடத் தாமதிக்கவே செய்வார்கள்.

1983இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதையே விதியாக்கியது. நவசந்நியாசம் எனும் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டு, வழக்கமாக 6 ஆண்டுக்கு மேற்படாமல். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வயது 21 ஆகியிருக்கவேண்டும். உங்கள் பெரியம்மாவின் மகளைக் கேட்டுப்பாருங்கள். உள்ளே போன நாளிலிருந்து கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை எத்தனை ஆண்டு எடுத்தது, அதற்கிடையில் எத்தனை தடவை வீட்டுக்கு வந்துபோனா, எத்தனை தடவை "நன்றாக யோசித்தாயா?" என்று கேட்டார்கள் என்று அவ சொல்லுவா. சொத்து விடயத்திலும் அப்படியே. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை யாரிடமாவது ஒப்படைக்கவேண்டும், அது யார் என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டின் சட்டப்படி செல்லுபடியாகும் மரணசாசனம் எழுதவேண்டும். மடத்தின் வாசலை மிதித்த சில மாதங்களில் காணி உறுதியைக் கேட்பது அந்த ஒழுங்கில் இல்லவே இல்லை.

இனி உங்கள் தங்கையின் கணக்கைப் பாருங்கள். எட்டு மாதம், வேலை போயிற்று, போன் போயிற்று, காணி கேட்டாயிற்று. வேகம்தான் இங்கே என்னைக் கவலைப்படுத்துகிறது, விடிய நாலு மணிக்கு எழும்புவதல்ல.

இரண்டாவது, வெளியே போவது. புதியவர் துறவற உடை பெற்ற பிறகு அவர் உடுத்தி வந்த பழைய உடுப்பை எறியாமல் உடுப்பறையில் பத்திரமாக வைக்கவேண்டும் என்று ஆசீர்வாதப்பர் எழுதினார். என்றாவது அவர் போக முடிவெடுத்தால் உடுத்திக்கொண்டு போக அது இருக்கவேண்டும். வெளியேறுவது தவறு என்றே அவர் நினைத்தார். இருந்தும் வெளியேறுகிறவருக்குத் துணி வைத்தார். இன்றைய திருச்சபைச் சட்டமும் விலகிப் போகிறவர் தாம் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்கிறது, ஆனால் சபை அவரிடம் நீதியோடும் அன்போடும் நடக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இருபது ஆண்டு மடத்தில் இருந்து வெளியே வந்து, ஆசிரியராகவோ தாதியாகவோ வேலை செய்துகொண்டு, பழைய மதரின் பிறந்தநாளுக்குப் போகிற பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

ஆகவே அந்த ஊழிய வீட்டைப் பற்றி நீங்கள் விசாரிக்கவேண்டிய முதல் கேள்வி, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதல்ல, அங்கிருந்து யார் போனார்கள் என்பது. போனவர்களைப் பற்றி அங்குள்ளவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? அவர்களோடு கதைக்க விடுகிறார்களா? போனவனுக்கு வியாதி வந்தது, விபத்து வந்தது, பிசாசு பிடித்தது என்று கதைகள் நடமாடினால், அவை உள்ளே இருப்பவர்களைப் பயத்தால் கட்டிவைக்கிற கதைகள். போகவே முடியாத இடத்தில் தங்கியிருப்பது விசுவாசத்தின் அடையாளம் ஆகாது.

மூன்றாவது, தலைவருக்கு மேல் யார். மடத்து மதர் தன் பதவியில் குறித்த காலத்துக்குத்தான் இருப்பார், அதன் பிறகு அவரும் சமையலறைக்கோ வேறு மடத்துக்கோ போகவேண்டும். மேல்நிலைத் தலைவி வந்து ஒவ்வொரு சகோதரியையும் தனியே சந்தித்துக் கேட்பார். மறைமாவட்டத்தின் கீழுள்ள சபையென்றால் ஆயரும் வருவார். கணக்கு வேறொருவர் கையில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி இன்னொன்று. உறுப்பினர் தன் மனச்சாட்சியின் இரகசியங்களைத் தன்னிடம் திறந்து சொல்லும்படி மேலதிகாரி எந்த வகையிலும் தூண்டக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் தடைசெய்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவரும், ஊரை மாற்றுகிறவரும், பாவத்தைக் கேட்கிறவரும் ஒருவரே ஆகிவிடக்கூடாது. பல நூற்றாண்டுப் பட்டறிவு எழுதிய விதி அது.

தனிப்பட்ட ஒரு பாஸ்டர் தொடங்கிய சபையில் ஆயரும் மேல்தலைவியும் இருக்கமாட்டார்கள். அதனால் மட்டும் அது கெட்டதாகிவிடாது. நல்ல சுயாதீன சபைகளில் மூப்பர் குழு இருக்கும், பொருளாளர் பாஸ்டரின் மனைவியாகவோ மைத்துனராகவோ இருக்கமாட்டார், வேறு சபைப் போதகர்களோடு ஐக்கியம் இருக்கும், ஆண்டுக் கணக்கு விசுவாசிகள் முன் வாசிக்கப்படும். பாஸ்டர் பிழைவிட்டால் அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார் என்று கேளுங்கள். ஒருவருடைய பெயராவது வந்தால் நல்லது. "கர்த்தர் சொல்லுவார்" என்ற பதில் மட்டும் வந்தால் கவனமாக இருங்கள்.

மௌனமும் துறவும் கீழ்ப்படிதலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதற்கு உகண்டாவின் கனுங்கு ஓர் எடுத்துக்காட்டு. மாதா காட்சிகளில் தொடங்கி, திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்ட ஒரு கத்தோலிக்க குருவையும் தலைமையில் கொண்ட குழு அது. பத்துக் கட்டளைகளைக் கடைப்பிடிப்பதாகச் சொன்னார்கள். பேசாமல் சைகையாலேயே பெரும்பாலும் பழகினார்கள். உள்ளதை விற்றுக் கொடுத்தார்கள். 1999 முடிய உலகமும் முடியும் என்று தலைவர்கள் சொன்னார்கள், முடியவில்லை. 2000 மார்ச் 17இல் பூட்டப்பட்ட கட்டடத்துக்குள் தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தோலகட்டியிலும் மௌனம், அங்கேயும் மௌனம். தோலகட்டியில் மௌனத்தைக் கலைத்துப் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஆள் இருந்தது, அங்கே இல்லை. இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய நோயுமல்ல. 2023 டிசம்பர் முடிவிலும் அதை அடுத்த நாட்களிலும் இலங்கையில் பௌத்தச் சொற்களில் போதித்துவந்த ஒருவரும், அவர் குடும்பத்தாரும், அவரைப் பின்பற்றிய சிலரும் அடுத்தடுத்து உயிரிழந்ததை நாடே கண்டது.

தீர்க்கதரிசனம் பொய்த்தால் எல்லாக் குழுவும் இப்படி முடிவதில்லை. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் யோசேப்பு, 1881இல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று கேரளத்தில் பிரசங்கித்தார். அந்த ஆண்டு கடந்துபோனது. அவர் யுயோமயம் என்ற புதிய சபையை நடத்தினார். பலர் விலகிப் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள், திரும்பியவர்களைச் சபைகள் ஏற்றுக்கொண்டன. அவருடைய போதனையைத் தள்ளிய சபைகளே அவர் எழுதிய பாடல்களை இன்றுவரை பாடுகின்றன. தலைவர் பிழைத்தாலும் பின்பற்றியவர்களுக்குத் திரும்பிப் போக இடம் இருந்தது. உங்கள் தங்கைக்கும் அந்த இடம் இருக்கவேண்டும், அதை வைத்திருக்கவேண்டியவர்கள் நீங்கள்.

அதனால் தம்பியின் யோசனைக்கு என் பதில் உறுதியாக வேண்டாம் என்பதே. உங்கள் தங்கை 24 வயதுப் பெண். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. அவரைத் தூக்கி வருவது குற்றம். பலன் தராத குற்றமும்கூட. அமெரிக்காவில் 1970களிலிருந்து பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கடத்திப் பூட்டிவைத்து மனதை மாற்ற ஆள் பிடித்தார்கள். அப்படிக் கடத்தப்பட்ட ஒரு பெந்தெகொஸ்தே இளைஞர் வழக்குத் தொடுத்தார். 1995இல் நீதிமன்றம் விதித்த பெரும் நட்டஈடு, அந்த வேலைக்குத் துணைபோன அமைப்பையே கடனில் மூழ்கடித்தது. கடத்தல் தோற்றால் சபையார் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும், "உன் குடும்பமே உனக்கு எதிரி" என்பது உட்பட.

பிரித்தானிய சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் கொரியாவில் தோன்றிய மூனி இயக்கத்தைப் பல ஆண்டு ஆராய்ந்து 1984இல் நூலாக்கினார். மூளைச்சலவை என்று எல்லாரும் பயந்த பயிலரங்குகளுக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்குள் தாமாகவே விலகினார்கள். மந்திரம் போட்டு யாரையும் நிரந்தரமாகக் கட்டிவைக்க முடியாது. விலகுகிறவருக்கு வேண்டியது ஏச்சு இல்லாமல் ஏற்கிற ஒரு வீடு.

இன்னொரு காரணத்துக்காகவும் "கள்ளச் சபை" என்று ஊரைத் திரட்டாதீர்கள். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகளின் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதாவை இலங்கை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்மானித்தது. பொருளுதவியோடு மதம் பரப்புவது மற்றவரின் மதசுதந்திரத்தைப் பாதிக்கும் என்பது காரணம். அந்த விசாரணையில் கன்னியர்களின் பக்கம் கேட்கப்படவே இல்லை. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவர்களுடைய மதசுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன என்று கண்டது. பள்ளிக்கூடமும் முதியோர் பராமரிப்பும் என்று வாழ்ந்த கன்னியர்களுக்கே இந்தச் சந்தேகம் வந்ததென்றால், ஓலைக் கொட்டிலில் கூடும் சிறு சபைக்கு என்ன பாதுகாப்பு? ஒரு சபையைப் பற்றி முறையிடுவதானால் குறித்த செயலைச் சொல்லி முறையிடுங்கள். மருந்தைத் தடுத்தார்கள், போனைப் பிடித்துவைத்தார்கள், போகவிடவில்லை என்பவை செயல்கள். அல்லேலூயா பாடினார்கள் என்பது முறைப்பாடு அல்ல.

செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லுகிறேன். காணி விடயத்தில் அம்மா அவசரப்படவேண்டாம். அது அம்மாவின் பெயரில் உள்ள உறுதிக் காணி என்றால், அவர் உயிரோடிருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கு என்று கேட்க உரிமை இல்லை, கொடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். நன்கொடை உறுதி ஒருமுறை நொத்தாரிசு முன் எழுதி ஏற்கப்பட்டுவிட்டால் திரும்பப் பெற நீதிமன்றம்வரை போகவேண்டியிருக்கும். அது அரசாங்கக் காணியின் பெர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. "காணி எங்கும் போகாது, இரண்டு மூன்று வருசம் பார்ப்போம்" என்று தங்கையிடம் சொல்லுங்கள். துறவற சபைகளே அத்தனை காலம் காத்திருக்கின்றன. நல்ல சபை என்றால் காத்திருக்கும்.

கிழமைக்கு ஒருக்கா வரும் அந்த அழைப்பைத் தவறவிடாதீர்கள். தர்க்கம் வேண்டாம். வீட்டுச் செய்தி, முன்பள்ளிப் பிள்ளைகளின் கதை, அம்மம்மாவின் சுகம் என்று கதையுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். தம்பியோடு நாலு பேராகப் போகாமல் அம்மாவும் நீங்களுமாக, பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மணித்தியாலமாவது தங்கையோடு தனியாக இருக்கக் கேளுங்கள். மடத்துக்குப் போகிற தாய்க்கு அது எப்போதும் கிடைக்கும். பாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்கவேண்டியவை நான்கு: மருந்து எடுக்க விரும்பினால் எடுக்கலாமா, இரண்டு கிழமை வீட்டில் வந்து நிற்கலாமா, போக விரும்பினால் போகலாமா, சபையின் கணக்கைப் பார்ப்பவர் யார். பதில்களை அங்கேயே விவாதிக்காமல் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்த வீட்டில் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். 16 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம். பிள்ளை பள்ளிக்குப் போகாமலோ வைத்தியமின்றியோ இருந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ 1929 என்ற இலக்கத்திலோ அறிவிப்பது யாருடைய மதசுதந்திரத்தையும் மீறுவதாகாது. தங்கையே போக விரும்பியும் விடாவிட்டால் அது பொலிசுக்குரிய விடயம். அவருடைய பேச்சில் சாவு, உலக முடிவு, விடைபெறுதல் என்ற தொனி வந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்க விரும்பாததையும் சொல்லவேண்டும். அந்த நான்கு கேள்விக்கும் நல்ல பதில் வரலாம். தங்கை மருந்தைத் தொடரலாம், நத்தாருக்கு வீட்டுக்கு வரலாம், காணியைப் பற்றிக் கதைக்காமல் விடலாம், மூன்று வருசம் கழித்தும் அந்த ஊழியத்திலேயே இருக்க விரும்பலாம். அப்போது அது கள்ளச் சபை இல்லை, உங்களுடையதல்லாத ஒரு சபை, அவ்வளவுதான். பெரியம்மா தன் மகளை மடத்துக்கு அனுப்பிய மனதோடு நீங்களும் இவரை அனுப்பவேண்டியிருக்கும். பதில்கள் வேறுவிதமாக வந்தால், அம்மம்மா கேட்ட கேள்விக்கு உங்களிடம் சொல்ல ஒரு பதில் இருக்கும்: மடம் அவளைப் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே உள்ளே எடுத்தது, இவர்கள் ஒருதரம்கூட அப்படிச் சொல்லவில்லை.